கோடு போட்ட பத்திகள்

போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே அக்கா நடுவில் ஓர் இடைவெளி விட்டாள்.

வேலை முடிந்ததா என்று கேட்டாள். முடியப்போகிறது என்றாள் சின்னவள். முட்டி வலி எப்படி இருக்கிறது என்று சின்னவள் கேட்டாள். இருக்கிறது என்றாள். அதற்கப்புறம் அக்கா பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று சின்னவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். போகவில்லை. அந்தப் பக்கம் மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். எதிரில் இருப்பவர் நிதானமாக ஒரு வாக்கியம் பேசி முடிக்கும் நேரம் இருக்கும், அவ்வளவுதான். பிறகு அக்கா வாயைப் போனிலிருந்து விலக்கி, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"இல்லைங்க. அது அப்படி இல்ல."

யாராவது வந்திருக்கிறார்களா என்று சின்னவள் கேட்டாள்.

"யாருமில்லையே," என்றாள் அக்கா. தொண்டை கட்டியிருந்தது. "நீ சொல்லு."

சொல்ல ஒன்றுமில்லை. அத்தான் இறந்துபோனதிலிருந்து அக்கா அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். தனியாக இருப்பவர்கள் தங்களுக்குத் தாங்களே பேசிக்கொள்வதில் அதிசயமில்லை. சின்னவளே குக்கரைத் திட்டுவாள், சாவியிடம் கெஞ்சுவாள். ஆனால் தங்களுக்குத் தாங்களே பேசுகிறவர்கள் "இல்லைங்க" என்று மரியாதை கொடுப்பதில்லை. போனை வைத்த பிறகும் அந்த "ங்க" மட்டும் செருப்புக்குள் புகுந்த கல்லைப் போல உறுத்திக்கொண்டே இருந்தது.

வீட்டில்தான் அவள் சின்னவள். நூலகத்தில் எல்லாருக்கும் லைப்ரரி அம்மா. இரண்டு அறை, துருப்பிடித்த இரும்பு அலமாரிகள், பூச்சி உருண்டை வாசனை, மதியத்தில் செய்தித்தாளை முகத்தில் மூடிக்கொண்டு தூங்கும் பெரியவர்கள். அதுதான் அவள் ராஜ்யம். அந்த ராஜ்யத்தில் அவளுக்கு ஒரு கித்தாப்பு உண்டு. யாருக்கு எந்தப் புத்தகம் பிடிக்கும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள் என்று பேர். அந்தப் பேர்தான் அவளைக் கெடுத்தது.

ஜன்னலோரத் தட்டு முழுக்க ஒரே எழுத்தாளரின் புத்தகங்கள். அத்தனையும் திகில். முதுகில் தூசி படிந்து, எடுப்பார் இல்லாமல் கிடந்தன. அதையெல்லாம் மூட்டை கட்டிக் கிடங்குக்கு அனுப்பிவிடலாம் என்று ஒருநாள் தலைமை நூலகர் சொன்னார். இந்தப் பக்கம் வருகிறவர்கள் எல்லாம் பல்லியைக் கண்டாலே பயப்படுகிறவர்கள், இவர்களுக்கு எதற்குப் பேயும் பிசாசும் என்று சிரித்தார். சின்னவளுக்கு என்ன தோன்றியதோ, பயப்படுகிறவர்களையே எடுக்க வைக்கிறேன் பாருங்கள் என்று சவால் விட்டுவிட்டாள்.

சவால் விட்டவள், குளியலறை விளக்கை அணைக்காமல் தூங்குகிறவள். இது யாருக்கும் தெரியாது.

தட்டில் அந்த எழுத்தாளரின் பச்சை அட்டை நாவல்தான் அதிகம், ஏழெட்டுப் பிரதிகள். அதில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்தாள். முதல் நீளப் பத்தியில் இரண்டு வரி தாண்டுவதற்குள் முதுகு சில்லிட்டது. கண் தானாகவே வழுக்கிக் கீழே இருந்த பேச்சுக்குப் போய்விட்டது. பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு. ஒரு மாமியார், ஒரு சோம்பேறி மருமகன், வாய்த்துடுக்கான இரண்டு பெண்கள். மாப்பிள்ளை, குடை எங்கே என்று மாமியார் கேட்பாள். குடை மழையில் வெளியே போயிருக்கிறது அத்தை, நான் மட்டும்தான் வீட்டில் இருக்கிறேன் என்பான் அவன். சின்னவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்கு எந்தக் கதையும் காதில்தான் விழும். யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதுதான் கதை. மற்றதெல்லாம் மேஜை நாற்காலி. பேச்சை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி ஒரே மூச்சில் படித்து முடித்தாள். நீளப் பத்திகள் ஒவ்வொன்றின் ஓரத்திலும், அதில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே, பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு இழுத்துவிட்டாள். மற்றப் பிரதிகளிலும் அதே இடங்களில் கோடு போட்டாள்.

அப்புறம் ஜாலம்தான். பேய்க் கதை பிடிக்காதவர்களுக்காகவே எழுதப்பட்ட பேய்க் கதை இது என்பாள். கோடு போட்ட இடத்தையெல்லாம் தாண்டிவிடுங்கள், பயப்படுகிற சமாச்சாரம் எல்லாம் அதற்குள்தான் அடைபட்டுக் கிடக்கிறது, மிச்சமெல்லாம் சிரிப்பு என்பாள். நான் முழுசாகப் படித்தவள் சொல்கிறேன் என்றும் சேர்த்துக்கொள்வாள். அதைச் சொல்லும்போது மட்டும் கை புத்தகத்தின் முதுகைத் துடைக்கும். தையல்காரம்மா எடுத்துப்போனார். கணக்கு வாத்தியார் எடுத்துப்போனார். தட்டு காலியாகக் காலியாக, தலைமை நூலகர் அவளை வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டார்.

தையல்காரம்மாதான் முதலில் கேட்டது. கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த வீட்டில் பேசாமல் ஒருத்தர் இருக்கிறாரே, அவர் யார் என்று. அப்படி ஒருத்தர் இருப்பதே சின்னவளுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. மருமகனின் ஒன்றுவிட்ட பெரியம்மா, வாதத்தில் வாய் கோணிப்போனவர் என்று கண் இமைக்காமல் புளுகினாள். தையல்காரம்மா தலையாட்டிக்கொண்டே போனார். போகும்போது வாசலில் ஒரு கணம் நின்று, யாருக்கோ வழிவிடுகிறவரைப் போலச் சற்று ஒதுங்கியதைச் சின்னவள் பார்த்தாள். பார்த்ததை அப்போது மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

ஒரு பிரதியை அக்காவுக்கும் கொடுத்திருந்தாள். அக்காவும் அதையேதான் கேட்டாள். அக்கா எதையும் வாய்விட்டுத்தான் படிப்பாள். வெறும் வீட்டில் ஒரு குரலாவது கேட்கட்டுமே என்பாள். கோடு போட்ட இடம் வந்தால் மூச்சு வாங்கிக்கொண்டு, பக்கத்தைப் புரட்டி, அடுத்த பேச்சைப் பிடிப்பாள். ஒருநாள் போனில் கேட்டாள், அந்தப் பேசாதவர் ஏதோ கேட்கிறார் போலிருக்கிறதே, இவர்கள் ஏன் ஒருத்தரும் பதில் சொல்வதில்லை என்று. சின்னவள் அப்போது பேருந்தில் நின்றுகொண்டிருந்தாள். கூட்டம். யோசிக்கவே இல்லை.

"எல்லாம் திமிர்தான் அக்கா. நீயா இருந்தா மரியாதைக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருப்ப."

அக்கா சிரித்தாள். "அதானே," என்றாள்.

இப்போது, போனை வைத்துவிட்டுச் சின்னவள் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தபோது, கணக்கு வாத்தியார் உள்ளே வந்தார். எப்போதும் இஸ்திரி கலையாத சட்டையோடு வருகிற மனுஷன். அன்று பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. பச்சை அட்டையை மேஜைமேல் வைத்தார். பிடித்திருந்ததா சார் என்று அவள் கேட்டாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில், ஒன்றுமில்லாத இடத்தில், கொஞ்சம் உயரத்தில் பார்த்துக்கொண்டு, "ஆமா, நான்தான்," என்றார். இடைவெளி. "ஆமா. தெரிஞ்சேதான் பண்ணினேன்." அவர் காது மடல் சிவந்துபோயிருந்தது. அத்தனை வயதானவருக்கு அப்படி முகம் சுருங்கி அவள் பார்த்ததில்லை. ஊர் நடுவில் துணி அவிழ்ந்தவரைப் போல நின்றார்.

பிறகு அவளிடம் திரும்பி, மிகவும் மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி கேட்டார்.

"ஏம்மா, முழுசாப் படிச்சவங்க நீங்க. எப்ப நிறுத்துவாங்கன்னு அதுல போட்டிருக்கா?"

"கடைசில நிறுத்திடுவாங்க சார்," என்றாள் சின்னவள்.

அதுவும் பொய். கை மறுபடி புத்தகத்தின் முதுகைத் துடைத்தது. வாத்தியார் கைகூப்பிவிட்டுப் போனார். படிக்கட்டு வரைக்கும் அவர் குரல் கேட்டது. பதில்கள் மட்டும்.

செய்தித்தாள் பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே மழை கட்டிக்கொண்டு, பகலிலேயே அறை மங்கலாகிவிட்டது. சின்னவள் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள். தன் பென்சில் கோட்டின்மேல் விரலை வைத்தாள். ரத்தமும் எலும்பும் இருக்கும், தலைவிரிகோலம் இருக்கும் என்று இத்தனை நாள் தாண்டித் தாண்டி ஓடிய இடம். படித்தாள்.

ரத்தம் இல்லை. எலும்பும் இல்லை. அடக்கமான, சின்னச் சின்ன வாக்கியங்கள். அந்த வீட்டுக்கு ஒன்று வந்திருக்கிறது. அது யாரையும் தொடுவதில்லை. கேட்கும். அவரவர் யாரிடமும் சொல்லாத ஒன்றை, மிகவும் பணிவாக, அருகில் வந்து கேட்கும். அந்த வீட்டுக்காரர்கள் ஓயாமல் பேசுவதும் ஜோக்கடிப்பதும் சந்தோஷத்தால் அல்ல. அது கேட்பதற்கு இடைவெளி கிடைக்கக்கூடாது என்றுதான். குடை ஜோக்கைச் சொல்லும்போது மருமகனின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பதில் போதும் அதற்கு. பதில் சொன்னவரோடு அது தங்கிவிடும். இதைத்தான் ஒவ்வொரு பத்தியும் விதவிதமாகச் சொல்லியது. படிக்கிறவர்களைப் பார்த்துக் கைநீட்டித் தடுப்பதுபோல. வேண்டாம், வேண்டாம், வாயைத் திறக்காதே என்று.

அத்தனைக்கும் ஓரத்தில் கோடு. அவள் கையால் போட்டது.

அக்காவுக்குப் போன் செய்தாள். எடுத்ததும் சொல்லிவிடவேண்டும் என்றுதான் இருந்தாள். அக்கா, நான் அந்தப் புத்தகத்தைப் படிக்கவே இல்லை, உனக்குச் சொன்னது எல்லாம் வாய்க்கு வந்தது. இவ்வளவுதான். ஆனால் அக்காவின் கட்டைக் குரல் "என்னடி," என்றதும், சொல்ல வந்ததை மாற்றிக்கொண்டாள். வேறொருவர் அந்தப் புத்தகத்தைக் கேட்கிறார், உன்னிடம் இருப்பதை வாங்க வருகிறேன் என்றாள். அக்கா வாயேன் என்றாள். அதற்குள் இடைவெளி வந்துவிட்டது. சின்னவள் அவசர அவசரமாக மழையைப் பற்றி, பேருந்தைப் பற்றி, முட்டியைப் பற்றி எதையெதையோ போட்டு அதை நிரப்பப் பார்த்தாள். அக்கா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அங்கே வேறு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பேருந்து ஊர்ந்தது. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து வழிந்து தெருவிளக்குகளைக் கரைத்தது. நனைந்த துணி வாசனை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். பாதி உண்மையைச் சொன்னால் போதுமா, மேலோட்டமாகப் படித்தேன் என்று சொல்லலாமா, கடைசி அத்தியாயம் கிழிந்திருந்தது என்று சொல்லலாமா. அக்காவின் உயிர் போய்க்கொண்டிருக்கிறது, இவள் தன் மானத்துக்கு ஒட்டுப்போடத் துணி தேடிக்கொண்டிருந்தாள். அது அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் தேடினாள்.

இரண்டாம் மாடி. கதவு ஒருக்களித்திருந்தது.

கூடத்தில் இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே, முட்டி இடிக்கிற நெருக்கத்தில் போடப்பட்டிருந்தன. ஒன்றில் அக்கா. கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, பக்கத்துத் தரையில் காலித் தண்ணீர்ப் பாட்டில்கள் உருண்டுகிடக்க. எதிர் நாற்காலியில் ஒன்றுமில்லை. சின்னவள் அதில் உட்காரவில்லை. சுவரோரமாகக் கிடந்த கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"புத்தகம் அந்தப் பையில இருக்கு," என்றாள் அக்கா. "முடிச்சு ரொம்ப நாளாச்சு."

"அக்கா, இனிமே பதில் சொல்லாதே. என்ன கேட்டாலும் வாயைத் திறக்காதே."

"எப்படிடி? முகத்துக்கு நேரா கேக்கறாங்க. மொதல்ல சின்னச் சின்னதாத்தான் கேட்டாங்க. இப்ப உங்க அத்தானைப் பத்திக் கேக்கறாங்க. அவர் கண்ணை மூடின அன்னிக்கு, தண்ணி கேட்டப்ப நான் தூங்கிட்டுத்தான் இருந்தேனான்னு." அக்கா தரையைப் பார்த்தாள். "தினம் கேக்கறாங்க. தினம் சொல்றேன். திரும்பக் கேக்கறாங்க."

சின்னவள் புத்தகம் இருந்த பையைப் பார்த்தாள்.

"நீதானே சொன்னே," என்றாள் அக்கா. குற்றம் சாட்டவில்லை. விசாரிக்கிற குரல்தான். "மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லலாம்னு. அதுல அப்படித்தானே இருந்துச்சு?"

இதுதான் நேரம். இதற்குத்தான் வந்தாள். சின்னவள் வாயைத் திறந்தாள்.

"படிச்சு ரொம்ப நாளாச்சுக்கா. மறந்துபோய்ச் சொல்லிட்டேன்."

அக்கா மெல்லத் தலையாட்டினாள். நம்பிவிட்டாள். சின்ன வயதிலிருந்தே தங்கை சொன்னதை எல்லாம் நம்பியவள். மழை பலத்தது. கூடத்தில் வெளிச்சம் அளவுக்கு மீறிக் குறைந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அதன் கிறீச் இப்போது கேட்கவில்லை. எதிர் நாற்காலியின் பிரம்பு லேசாக முனகியது. இருந்தவர் எழுந்தால் முனகுமே, அந்த முனகல்.

சின்னவளுக்கு ஈரத் தாளின் வாசனை வந்தது. மிக அருகில்.

காதில் ஒன்றும் விழவில்லை. கேட்கப்பட்டுவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. வகுப்பில் கவனிக்காமல் இருக்கும்போது வாத்தியார் எழுப்பிவிட்டால், என்ன கேட்டார் என்று தெரியாமலே, எல்லாத் தலைகளும் நம் பக்கம் திரும்புவது தெரியுமே. அப்படி. முகம் கொதித்தது. எல்லாத் தலைகளும் திரும்பிவிட்டன. காத்திருந்தன. பொறுமையாக. பணிவாக.

பொறுக்க முடியவில்லை. அந்த நிசப்தத்துக்குள் இன்னொரு பொய் நுழையாது.

"இல்ல," என்றாள் சின்னவள். "படிக்கவே இல்ல. எனக்குப் பயம். ஒரு பத்திகூடப் படிக்காமத்தான் எல்லாருக்கும் கொடுத்தேன். உனக்கும்."

சொன்னதும் நெஞ்சு லேசாயிற்று. அழுகை வந்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நிமிர்ந்தாள்.

அக்கா தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணும் கேக்கலடி," என்றாள் விரல்களுக்கு நடுவிலிருந்து.

மின்விசிறியின் கிறீச் திரும்பக் கேட்டது. அக்கா தலையைச் சாய்த்து அதைக் கேட்டாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம். இந்தப் பக்கம் கொஞ்ச நேரம். ஏதோ ஒன்றுக்காகக் காத்திருந்து, அது வரவில்லை என்பதை நம்ப முடியாதவள்போல. பிறகு அவள் நெற்றி முடிச்சு அவிழ்ந்தது. தோள் தணிந்தது. தலைச்சுமையை இறக்கிவைத்தவள் விடும் மூச்சு ஒன்று அவளிடமிருந்து நீளமாக வந்தது. அடுத்த கணமே, அப்படி மூச்சு விட்டதற்காக, அக்காவின் முகம் கூசிக் கறுத்தது. தங்கையைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

சின்னவள் பேச ஆரம்பித்தாள். மழை என்றாள். கடைசிப் பேருந்து என்றாள். தலைமை நூலகரின் தொப்பையைப் பற்றி ஒரு ஜோக் சொன்னாள். நடுவில் மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

மூச்சு வாங்கும்போதெல்லாம்.

மறுபடியும் பேசினாள். வேகமாக. நெற்றியிலிருந்து சொட்டியது.

"நேரமாச்சு, நீ கிளம்பு," என்றாள் அக்கா தரையைப் பார்த்தபடி. எழுந்து போய்க் கதவை முழுக்கத் திறந்தாள். பையை எடுத்துத் தங்கையின் கையில் கொடுத்தாள். கை படாமல் கொடுத்தாள்.

சின்னவள் வாசலைத் தாண்டினாள். படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

கதவு மூடவில்லை. அக்கா சுவரோடு சுவராக ஒட்டி நின்றிருந்தாள். இரண்டு பாதங்களையும் உள்ளே இழுத்து, கைகளை மார்போடு சேர்த்து, குறுகலான இடத்தில் பெரிய உருவம் ஒன்று கடந்துபோக வழிவிடுகிறவளாக. அவள் கண்கள் தங்கையின் முகத்தில் இல்லை. அதற்கு ஒரு முழம் மேலே இருந்தன. அவை கூடத்திலிருந்து நிலைப்படி வரைக்கும், நிலைப்படியிலிருந்து வெளியே சின்னவளின் தோள் வரைக்கும், அவசரமில்லாத ஒரு நடையோடு மெல்ல நகர்ந்து வந்து நின்றன.

அக்கா அதற்குத் தலை வணங்கினாள். பிறகு கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள்.